தொட்டிப் படியில் வைத்த மீன்

போன மாதம் என் அப்பாவின் எட்டுச் செலவன்று நான் படையலைத் தெருவில் கொண்டுபோய் வைக்கவில்லை. அதைப் பற்றி நீங்கள் கோயில் மண்டபத்திலும் பேருந்திலும் வேலைக்குப் போகும் இத்தாலிச் சிஞ்ஞோராக்களின் சமையலறைகளிலும் நின்று கதைத்ததெல்லாம் என் காதுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பலேர்மோவின் இந்தச் சீசாப் பகுதியில் எவர் வீட்டில் தும்மினாலும் எனக்குக் கேட்கும். “ஊருக்கெல்லாம் எட்டுச் சமைக்கிறவள், பெத்த தேப்பனுக்கு ஒரு பிடி சோறு கொண்டுபோய் வைக்கேல்லை” என்று முதலில் சொன்ன வாய் யாருடையது என்பதும் தெரியும். என் வயதுக்காரரே, இது உங்களுக்குத்தான். ஆறுதலாக இருந்து படியுங்கள்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதற்காக எனக்கு எழுத வராது என்று நினைக்க வேண்டாம். இந்த நகரத்தில் நம்மவர் வீடுகளில் நடந்த கலியாணம், சாமத்திய வீடு, அந்தியேட்டி எதை எடுத்தாலும் அங்கே என் அண்டா கொதித்திருக்கும். மொரீசியஸ்காரர்கூடத் தங்கள் பூசைச் சாப்பாட்டுக்கு என்னிடம்தான் சொல்லிவைப்பார்கள். சிஞ்ஞோராக்களின் தரையைத் துடைத்த கையால் இரண்டு கடை திறந்தேன். ஒருவரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் இன்றைக்கு என் கடை வாசலில் வேலை கேட்டு நிற்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

எட்டுச் செலவு என்றால் என்னவென்று உங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருவர் செத்து எட்டாம் நாள், அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்பது. மீன், இறைச்சி, சிலருக்குச் சாராயமும். பொழுதுபடும் நேரத்தில் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டுபோய்ப் பாதைகள் சந்திக்கும் இடத்தில் வைப்பது. வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வீட்டுக்கு வருவது. திரும்பிப் பார்த்தால் செத்தவர் பின்னாலேயே வந்துவிடுவார் என்பார்கள். சீசாவில் நீங்கள் அதைப் பேருந்துத் தரிப்பிடத்து முடக்கில், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் வைக்கிறீர்கள். பூனைகள் தின்கின்றன. அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பூனையை ஒருவரும் அப்பா என்று கூப்பிடுவதில்லை.

செத்தவீட்டில் அப்பாவின் கூட்டாளி எழும்பி நின்று ஒரு கதை சொன்னார். துறைமுகத்தில் கப்பல் கழுவிக் கிழவரானவர், அவருக்கு நல்ல குரல். முதலையாக வந்த தகப்பன், தன் பேரப்பிள்ளையை அடையாளம் கண்டு வாயைத் திறந்து விட்டுவிட்ட கதை. நீங்கள் மூக்கைச் சிந்தினீர்கள். என் தம்பி வலது கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு சுவரோரம் நின்றான். அது அப்பா ஆயுள் முழுக்கச் சொல்லிச் சொல்லிக் கொழுக்க வைத்த கதை. நடந்தது வேறு. கண்டவர்களில் அம்மா போய்விட்டாள். தம்பி அப்போது நாலு வயதுப் பிள்ளை. மிஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான்.

எனக்கு அப்போது பத்து வயது. பலேர்மோவில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நகரத்து ஓரத்தில், சியாகுல்லியில், ஒரு மந்தரீன் ஆரஞ்சுத் தோட்டத்தில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. தோட்டத்து முதலாளியை எல்லாரும் பத்ரோனே என்றார்கள், நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். இருக்கத் தந்தது பழப்பெட்டி அடுக்கும் அறை. சுவர் முழுக்க மந்தரீன் தோலின் வாசம் ஊறியிருந்தது. முதல் கிழமை அது நல்ல வாசம். பிறகு சோறு, தலையணை, தம்பியின் தலைமயிர் எல்லாம் அதுவே மணந்தது. இன்றைக்கும் என் கடைக்குள் அந்தப் பழத்தை உரிக்க யாரையும் விடமாட்டேன்.

அறை வாசலில் நின்று பார்த்தால் தொட்டி தெரியும். மரங்களுக்குத் தண்ணீர் பாய்ச்சக் கல்லால் கட்டிய பெரிய தொட்டி, ஜெப்பியா என்பார்கள். மூன்று பக்கமும் என் நெஞ்சளவு சுவர். நாலாவது பக்கம் சேறு அள்ள இறங்குவதற்காகக் கல் படிகள் தண்ணீருக்குள் போகும். மேல்படி இருக்கும் இடத்தில்தான் தோட்டத்தின் மூன்று ஒற்றையடிப் பாதைகளும் வந்து சேரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலை அந்தத் தொட்டிக்குள் இருந்தது.

பத்ரோனேயின் மகன் ஒரு சர்க்கஸ்காரனிடம் கையளவு குட்டியாக வாங்கினானாம். வீட்டுக் குளியலறையில் வளர்த்தார்களாம். தான் குளிப்பதா அது குளிப்பதா என்று சிஞ்ஞோரா சண்டை பிடிக்க, இங்கே கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். நாங்கள் போனபோது, அப்பா நீட்டி நிமிர்ந்து படுத்தால் எவ்வளவோ அவ்வளவு நீளம். கறுப்பு முதுகு, மண்வெட்டி மாதிரி அகன்ற மூக்கு. பத்ரோனே எங்களை வரிசையாக நிறுத்திவைத்து, ஒரு கல்லை எறிந்து அதை எழுப்பிக் காட்டினார். பழக் கள்ளருக்கு நாயைவிட இது நல்லது, கிழமைக்கு ஒரு தரம் கோழித்தலை போட்டால் போதும், ஆட்களை ஒன்றும் செய்யாது என்று சொன்னார். அப்பாவுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார். பத்ரோனே சிரித்தால் அப்பா சிரிப்பார். அந்தச் சிரிப்பை எனக்கு அன்றைக்கே பிடிக்கவில்லை.

அம்மா சிரிக்கவில்லை. அம்மா வன்னியில், குளக்கட்டுக்குப் பக்கத்தில் பிறந்தவள். அங்கே முதலையும் ஓர் அயல்வீட்டுக்காரர். அப்பா யாழ்ப்பாணப் பட்டினத்தார், முதலையைப் படத்தில் கண்டவர். அன்று பின்னேரமே அம்மா என்னைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினாள்.

“ஒரே இடத்திலை ரெண்டு தரம் தண்ணி அள்ளாதை. ஒரே நேரத்துக்குப் போகாதை. அது கணக்குப் பாத்துக்கொண்டு கிடக்கும். மீன் கழுவின தண்ணியை உங்கை ஊத்தாதை. ஒரு எச்சில் சோறுகூட எறியாதை. பொழுதுபட்டால் அந்தப் படிப் பக்கம் கால் வைக்கப்படாது. விளங்கிச்சோ?”

“ஓம்.”

“தண்ணியடியிலை குந்தி இராதை. குந்தினால் நாயும் ஆளும் அதுக்கு ஒண்டுதான்.”

அப்பா கட்டிலில் சாய்ந்தபடி, “வன்னிக்காரி வகுப்பு எடுக்கிறா. பிறகு எருமை மேய்க்கவும் பழக்குவா” என்றார்.

“எருமை மேய்ச்சபடியாத்தான் எனக்குக் கைகால் முழுசாக் கிடக்குது” என்றாள் அம்மா.

அவளுடைய ஊரில் பெண்கள் குளிக்கும் துறையைச் சுற்றித் தண்ணீருக்குள் தடி நட்டு வேலி அடைப்பார்களாம். தோட்டத்து எல்லையில் நின்ற நாணல் மூங்கிலை வெட்டி, அந்தப் படியைச் சுற்றித் தனியாளாக வேலி கட்டினாள். நான் கயிறு பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்ரோனே விருந்தாளிகளோடு வந்தார். வேலி மறைப்பதால் முதலை தெரியவில்லை என்று முகத்தைச் சுளித்தார். அவர் வாய் திறக்கும் முன்னே அப்பா முழங்காலளவு தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு தடியாகப் பிடுங்கிப் போட்டார். அந்தத் தடிகள் எங்கள் சுவரோரம் கிடந்து காய்ந்தன. அம்மா அவற்றை அடுப்புக்குக்கூட எடுக்கவில்லை.

கூட்டாளியின் மகள் இப்போது ஃபுளோரிடாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம். முதலை கரையேறி வந்து புல்லில் வெயில் காய்கிறது. கிழவர் தொலைபேசியில் அந்தப் படத்தைக் காட்டி, “உந்த ஊரிலை ஆக்கள் என்னெண்டு குடியிருக்கினம்?” என்று கேட்டார். படத்தில் ஒரு பலகையும் இருந்தது. தீனி போடாதே என்று எழுதியிருந்ததாக என் மகள் வாசித்துச் சொன்னாள். “குடியிருக்கலாம் ஐயா. விருந்து வைக்காட்டில் குடியிருக்கலாம்” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இனி விளங்கட்டும்.

குளிர் வந்ததும் முதலை அடியில் போய்ப் படுத்துவிட்டது. பத்ரோனே எறிந்த கோழித்தலைகள் மிதந்து ஊறி நாறின. பழம் பிடுங்கும் காலத்தில் கூலிக்கு வந்த ஆட்கள் முதலில் எட்ட நின்றார்கள், பிறகு படியில் பெட்டிகளை அடுக்கினார்கள், பிறகு அதிலேயே கைகால் கழுவினார்கள். அப்பா படியில் இருந்து சேற்றுக் காலைத் தண்ணீருக்குள் விட்டு ஆட்டியபடி அம்மாவைக் கூப்பிட்டார்.

“இஞ்சை வந்து பார், உன்ரை முதலையை. கிழட்டு மாடு.”

அம்மா போகவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள்: “நித்திரை கொள்ளுறதை நல்ல பிள்ளை எண்டு சொல்லுறினம்.”

பழம் முடியும் தறுவாயில், வெயில் கொஞ்சம் ஏறத் தொடங்கிய நாட்களில், அப்பப்பா செத்துப்போனார் என்று செய்தி வந்தது. பெருந்தெருவிலிருந்த மதுக்கடைக்குத் தொலைபேசி வந்து, அப்பா போய்க் கேட்டுவிட்டு வந்து பழப்பெட்டி ஒன்றின் மேல் இருந்தார். ஊரில் சண்டை. அப்பப்பா இடம்பெயர்ந்து போன வழியில் செத்திருக்கிறார். எரித்தது யார், எட்டுச் செய்தது யார் என்று சொல்ல ஆளில்லை. அப்பா அன்றோடு சாப்பாட்டை விட்டுவிட்டார். அம்மா கோப்பையை முன்னால் வைப்பாள், கொஞ்ச நேரம் கழித்து எடுப்பாள். வேலைக்குப் போவார், வந்து பெட்டியின் மேல் இருப்பார். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினார். அம்மா கெஞ்சினாள், ஏசினாள், தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஒருநாள் அவராகவே வாய் திறந்தார். “அப்புவுக்கு இஞ்சை எட்டுச் செய்வம்.”

மூன்று சில்லு வண்டியில் வரும் மீன்காரனிடம் அம்மா சூடைமீன் வாங்கினாள். அப்பப்பாவுக்குச் சூடைப் பொரியல் என்றால் உயிராம். மிளகாய்த்தூள் ஊரிலிருந்து வந்த கடைசிப் பொட்டலம், அதைத் தட்டித் துடைத்துப் போட்டாள். ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியத் தட்டில் சோறும் மீனும் போட்டு நீட்டியவள், அப்பா எந்தப் பக்கம் பார்க்கிறார் என்று கண்டுவிட்டுத் தட்டை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் படியிலையோ?”

“வேறை எங்கை சந்தி கிடக்கு?”

அம்மா அவருடைய இடுப்புக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு தட்டை விட்டாள்.

அப்பா மேல்படியில் தட்டை வைத்தார். கரண்டியால் விளிம்பில் தட்டினார். “அப்பு, வாங்கோ, வந்து சாப்பிடுங்கோ” என்று சொல்லிவிட்டு, முறைப்படி திரும்பிப் பாராமல் வந்தார். விடிய அதை எடுக்கப் போனபோது தட்டு கீழ்ப்படியில் தண்ணீருக்குள் கவிழ்ந்து கிடந்தது. மீனில் ஒரு முள்ளும் இல்லை. சோறு படியில் சிந்திக் கிடந்தது.

“அப்பு எப்பவும் சோறு கொஞ்சமாத்தான் தின்னுறவர்” என்றார் அப்பா. அழுதார். வந்து இருந்து இரண்டு கோப்பை பழஞ்சோறு சாப்பிட்டார். அம்மா பக்கத்தில் நின்று போட்டுக்கொண்டே இருந்தாள். அன்றைக்கு அவளுடைய முகத்தில் இருந்ததை நான் ஆறுதல் என்று நினைத்தேன். ஒரு பிள்ளை வேறென்ன நினைக்கும்.

எட்டு என்பது ஒரு தரம் செய்வது. அது உங்களுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அடுத்த ஞாயிறு மீன்காரனின் கூவல் கேட்டதும் அப்பா, “சூடை வேண்டு” என்றார்.

“கிழமைக்குக் கிழமை எட்டுச் செய்யிறது எந்தச் சாத்திரம்?”

“அவர் எத்தினை நாள் பசியோடை கிடந்து செத்தாரோ. நீ சமை.”

சமைத்தாள். அதற்கடுத்த ஞாயிறும் சமைத்தாள். தட்டோடு அப்பா முன்னால் போவார், செம்பில் தண்ணீரோடு நான் பின்னால் போவேன். திரும்பி வரும்போது அவர் முன்னால், நான் பின்னால். திரும்பிப் பார்க்காதே என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. பார்த்தேன். தண்ணீர் ஓசையில்லாமல் வீங்கியது. மூக்கு வந்தது, பிறகு இரண்டு கண், பிறகு முன்கால் படியில் ஊன்றியது. அப்பா என் முன்னால் கையைப் பின்புறம் கட்டிக்கொண்டு, ஊர்ப் பெரியவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார். கல்லில் தட்டு உரசும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார்.

அப்பாவிடம்தான் முதலில் சொன்னேன். “அப்பா, மீனைத் தின்னுறது முதலை.”

கன்னத்தில் அறை விழுந்தது. “திரும்பிப் பாத்தியோ?”

நான் என்ன கண்டேன் என்பது அவருக்குக் கணக்கில்லை. பார்த்ததுதான் குற்றம்.

அம்மா வாசல் கூட்டிக்கொண்டிருந்தாள். அவளிடமும் சொன்னேன். விளக்குமாற்றை நிறுத்தவில்லை.

“தெரியும்.”

“அப்ப ஏனம்மா?”

“கொப்பர் சாப்பிடுறார்.”

இதைக் கேட்டு அவளைப் பத்தினி என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் இத்தனை வருடம் ஒரு புருஷனோடு காலம் தள்ளியவள்தான். அந்த இடுப்புக் கயிறு அவளை என்ன செய்திருக்கும் என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. விளங்குகிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. ஒரே இடம், ஒரே நேரம், மீன். எனக்குச் செய்யாதே என்று சொன்ன எல்லாவற்றையும் தன் கையால் பொரித்து ஒரே தட்டில் வைத்து அனுப்பினாள்.

தம்பிக்கு யாரும் சாத்திரம் சொல்லவில்லை. அவன் வாசற்படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தட்டில் கரண்டியால் தட்டினால் அப்பப்பா வருவார், அவர் தொட்டிக்குள் இருக்கிறார், அவருக்குப் பசி. இதுதான் அவனுக்கு விளங்கியது. தகரப் பேணியில் கரண்டியால் தட்டி விளையாடினான். பிஸ்கட்டில் பாதியைக் கடிக்காமல் வைத்துக்கொண்டு, “இது அப்பப்பாவுக்கு” என்பான். அப்பா அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, “என்ரை ராசா, உனக்குத்தான் பாசம் கிடக்கு” என்றார். சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

கோடை முற்றியது. பத்ரோனே குடும்பத்தோடு கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டார். கோழித்தலை நின்றுபோனது. முதலை பகலிலேயே படியில் தாடையை வைத்துக்கொண்டு கிடக்கத் தொடங்கியது. முன்பு கல் எறிந்தால் மூழ்கிவிடும். இப்போது கல் எறிந்தால் கல் விழுந்த இடத்துக்கு வந்து பார்த்தது. மனிதரைக் கண்டால் ஒதுங்கிப்போன ஒன்று, மனிதரைக் கண்டால் கிட்ட வரப் பழகிவிட்டது. அதைப் பழக்கியது நாங்கள்.

அன்று ஞாயிறு இல்லை. பொழுது சாய்கிற நேரம். அப்பாவும் அம்மாவும் கீழ்ப்பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தார்கள். நான் அறைக்குள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தம்பி என் காலடியில்தான் இருந்தான் என்று நினைத்திருந்தேன். தட்டில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது.

ஓடினேன். சுளகு விழுந்து அரிசி சிதறியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

தம்பி மேல்படியில் குந்தியிருந்தான். தட்டை முன்னால் வைத்து, பிஸ்கட்டை வலது கையில் நீட்டிக்கொண்டிருந்தான். முதலை அவனுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. அம்மா அவனுக்குச் சோறு தீத்தும்போது சொல்வதை அப்படியே அவன் அதற்குச் சொன்னான்.

“அப்பப்பா, ஆ காட்டுங்கோ.”

அது ஆ காட்டியது.

நான் அவனுடைய இடுப்பைப் பிடித்து இழுத்தபோது கை உள்ளே போய்விட்டது. அது எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்தது. என் முழங்கால் படி விளிம்பில் தேய்ந்தது. இன்றைக்கு அந்த முழங்காலை மடக்கி இருக்க முடியாமல் கோயிலில் கதிரை கேட்கிறேனே, அதுதான். நான் கத்தினேனா தெரியாது. அம்மா மண்வெட்டியோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் அப்பா.

அம்மா தண்ணீருக்குள் இறங்கி மண்வெட்டியின் மூலையை அதன் கண்ணில் போட்டாள். மறுபடியும் போட்டாள்.

அப்பா மேல்படியில் நின்றார். இரண்டு கையையும் கூப்பினார். “அப்பு, விடுங்கோ. அப்பு, அது உங்கடை பேரன். அப்பு, விடுங்கோ.”

கூட்டாளி, இந்த இடத்தை நன்றாகப் படியும். அது பேரனை அடையாளம் காணவில்லை. கண் போனதால் வாயைத் திறந்தது. அம்மா கண்ணைப் பறித்தாள், அது விட்டது. கும்பிட்ட கை ஒன்றும் செய்யவில்லை.

தம்பி உடனே அழவில்லை. கையைப் பார்த்தான். சின்ன விரலும் மோதிர விரலும் இல்லை. அம்மாவைப் பார்த்து, “அப்பப்பா கடிச்சுப்போட்டார்” என்றான்.

எங்களிடம் பெர்மெசோ, இந்த நாட்டில் இருக்க விடும் பத்திரம், இல்லை. தகவல் போய்ப் பத்ரோனே காரோடு வந்தார், பிள்ளையை ஏற்றும் முன்பே அப்பாவைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் இறைக்கும் யந்திரத்தில் கை அகப்பட்டது என்று சொல்லாவிட்டால் எல்லாரையும் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்றார். அப்பா தலையாட்டினார். பழம் பிடுங்க வந்த ஆட்களோடு பழகியதில், வீட்டில் இத்தாலியன் பேசக்கூடிய ஆள் நான்தான். அம்மாவின் சேலைத் தலைப்பில் சுற்றிய அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே மருத்துவர் என்னிடம் கேட்டார். பத்து வயதுப் பிள்ளையின் வாயில் அந்தப் பொய்யைப் போட்டு அனுப்பிய இரண்டு ஆம்பிளைகளும் வெளியே நின்று சிகரெட் பிடித்தார்கள்.

நாங்கள் திரும்பி வந்தபோது தொட்டி வற்றிக் கிடந்தது. முதலையை என்ன செய்தார்கள் என்று கேட்க எங்களுக்கு வாயில்லை. அடியில் சேறு வெடித்துக் கிடந்தது. அந்தச் சேற்றுக்குள் அலுமினியத் தட்டு இரண்டாக மடிந்து கிடந்தது. அம்மா இறங்கி எடுத்தாள். நிமிர்த்தப் பார்த்தாள், முடியவில்லை. சீசாவில் ஒற்றை அறைக்கு வந்தபோது அதுவும் எங்களோடு வந்தது. எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. உங்களுக்குப் பித்தளைக் குத்துவிளக்குத் தொலைந்தால் வருடக்கணக்காகச் சொல்லிக் கவலைப்படுகிறீர்கள். எனக்கு அந்தத் தட்டு.

அப்பா நெடுங்காலம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பிறகு ஒரு பஜனைக்கு வந்த யாரோ தம்பியின் கையைப் பார்த்துக் கேட்க, “முதலையா வந்து அப்பு தொட்டுப் பாத்தவர்” என்றார். கேட்டவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அது அப்பாவுக்கு ருசித்துவிட்டது. அடுத்த முறை அப்பு கண்ணீர் விட்டார். அதற்கடுத்த முறை அப்புவின் நெற்றியில் திருநீறு இருந்தது. வருடம் போகப் போக முதலைக்குப் பக்தி கூடியது, மண்வெட்டி காணாமல் போனது. ஒருமுறை பெண்கள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, “கண்ணிலை போட்டது நான்” என்றாள். உங்களில் நாலு பேர் அங்கே இருந்தீர்கள். “உமக்கு எப்பவும் உந்தக் கதைதான்” என்று ஒருத்தி சொன்னாள். அம்மா பிறகு அதைச் சொல்லவில்லை. அவள் செத்தபோது அவளுக்காக ஒருவரும் எழும்பி நின்று கதை சொல்லவில்லை.

இனிப் போன மாதம்.

அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தேன். சூடைப் பொரியல், கணவாய்க் கறி, ஆட்டீரல் வறுவல், ஒரு சின்னப் போத்தலும் வைத்தேன். ஒன்றிலும் குறை விடவில்லை. என்னை மாதிரிச் சமைக்க இந்தத் தீவில் ஆளில்லை, அதை என் எதிரிகளும் ஒத்துக்கொள்வார்கள். படைத்தோம், கும்பிட்டோம். யன்னலுக்கு வெளியே தெருவிளக்கு எரியத் தொடங்கியது. கூட்டாளி தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

“பிள்ளை, பொழுதுபடுது. சந்தியிலை வைச்சிட்டு வருவம்.”

“வைக்கேல்லை, ஐயா.”

“என்ன கதைக்கிறாய்? கொப்பர் பசியோடையே போறது?”

“பசிச்சால் போற வழியிலை வேண்டித் தின்னட்டும்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு மாமி, “காசு வந்தால் தேப்பனும் தெரியாது” என்று சுவருக்குச் சொன்னாள்.

கூட்டாளிக்குக் குரல் உயர்ந்தது. “கடல் கடந்து வந்தும் அந்த மனுசன் தன்ரை தேப்பனுக்கு எப்பிடிச் செய்தவர் எண்டு தெரியுமே உனக்கு?”

“தெரியும். அவருக்குப் பின்னாலை செம்போடை நிண்டது நான்.”

தட்டை அவர் கையிலிருந்து வாங்கினேன். சோற்றைப் போட்டேன். சூடையில் பெரியதாகப் பார்த்து எடுத்து வைத்தேன், கணவாய், ஈரல் எல்லாம் வைத்தேன். தம்பி வழக்கம்போலக் கதவோரம் நின்றான். அவன் துறைமுகத்தில் வேலை செய்கிறான். நாப்போலி போகும் கப்பலுக்குள் ஏறுகிற லொறிகளுக்கு வழி காட்டும் வேலை. அங்கே பட்டப்பகலில் எத்தனையோ சாரதிகளுக்கு முன்னால் அந்தக் கையைத் தூக்கி ஆட்டுகிறவன், நம்முடைய ஆட்களைக் கண்டால் பைக்குள் போட்டுக்கொள்வான். உங்கள் கண் அப்படி.

“தம்பி, இஞ்சை வந்து இரு.”

“அக்கா, எல்லாரும் பாக்கினம்.”

“பாக்கட்டும். அதுக்குத்தான் கூப்பிட்டனான்.”

வந்து மேசையில் இருந்தான். தட்டை அவனுக்கு முன்னால் வைத்தேன். “அப்பாவின்ரை பங்கு. நீ சாப்பிடு.”

மாமி எழும்பி வெளியே போனாள். கூட்டாளி போகவில்லை, நின்றார். தம்பி பைக்குள்ளிருந்து கையை எடுத்தான். மூன்று விரலால் சோறு பிசைந்தால் பக்கத்தால் வழியும். அதனால் அவன் எப்போதும் தட்டுக்குக் கிட்டக் குனிந்து சாப்பிடுவான். அப்படியே குனிந்து சாப்பிட்டான். சூடையின் முள்ளை ஒவ்வொன்றாகத் தட்டு விளிம்பில் வைத்தான். சோற்றில் ஒரு பருக்கை விடவில்லை. நான் மேசைக்கு எதிரே நின்று, முதல் வாயிலிருந்து கடைசி வாய் வரை கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அவன் விரல்களை நக்கிவிட்டுத் தலையைத் தூக்கி, “உப்புக் கொஞ்சம் காணாதக்கா” என்றான்.

என் சமையலில் உப்புக் குறைந்தது என்று இந்த நகரத்தில் என் முகத்துக்கு நேரே சொல்லக்கூடியவன் அவன் ஒருவன்தான். உப்புப் பேணியை எடுத்துக்கொண்டுபோய் அவன் கைக்குக் கிட்ட வைத்துவிட்டு, இன்னும் ஒரு சூடை போட்டேன்.